நானூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு

அந்தப் பள்ளிக்கூடத்தின் மேடையை இருபத்திரண்டு வருடமாக அவள்தான் தயார் செய்கிறாள். ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை.

நாற்காலி எத்தனை, மைக் கரகரக்கிறதா, விருந்தினருக்குத் தண்ணீர் பாட்டில் வைத்தாயிற்றா, எல்லாம் அவள் பொறுப்பு. விழா தொடங்கியதும் பக்கவாட்டுக் கதவோரம் நின்றுகொள்வாள். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஏறி விருது வாங்குவார்கள். ஒரு வருடம் வாசல் காவலாளிக்குக்கூடச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கடைக்குப் போய் அந்தக் கடிகாரத்தைத் தேடி வாங்கி, வண்ணக் காகிதம் சுற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

அவளுடைய வேலைக்கு அலுவலக நிர்வாகி என்று பெயர். மாணவர் சேர்க்கை, பள்ளிப் பேருந்து, தண்ணீர்த் தொட்டி, உடைந்த பெஞ்சு, ஒழுகும் குழாய், காப்பீட்டுப் படிவம் என்று பாடம் நடத்துவதைத் தவிர மற்றதெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்குவதால் முதல்வர் தொடங்கி ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் வரை எல்லாருக்கும் அவள் ‘சாவியம்மா’.

ஒன்றரை வருடத்துக்கு முன் பள்ளி நிர்வாகிகள் சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி ‘தகுதிச் சான்று பெற்ற பள்ளி நிர்வாகி’ என்று ஒரு பட்டம் தரப்போகிறார்களாம். ஆறு தாள் பரீட்சை. பன்னிரண்டு வாரம் ஒரு செயல்திட்டம். கடைசியில் நேர்முகத் தேர்வு. தேறினால் அறைக் கதவில் பெயர்ப் பலகை, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு நாற்காலி. வயது வரம்பு ஐம்பத்தைந்து.

அவளுக்கு ஐம்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது.

“பரீட்சையா? இந்த வயசுலயா?” என்றார் கணவர். கடைத்தெருவில் போட்டோ ஃபிரேம் கடை வைத்திருப்பவர். “பிட்டு கிட்டு அடிச்சு மாட்டிக்காத. அப்புறம் கார்டியனைக் கூட்டிட்டு வான்னு சொல்லுவாங்க, நான்தான் வந்து நிக்கணும்.”

கிண்டலெல்லாம் வாய்க்குத்தான். ஆறு தாளும் தேறிய அன்று, சங்கத்தின் சான்றிதழ் என்ன அளவு என்று விசாரித்து, தேக்கு மரத்தில் ஒரு ஃபிரேம் செய்து வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். உள்ளே வெறும் வெள்ளை அட்டை.

“இன்னும் பாதிக் கிணறுகூடத் தாண்டலை. அதுக்குள்ள என்னங்க அவசரம்?”

“ஆணி அடிச்சு வச்சாதான் ஆளு தேடி வரும்.”

மிச்சம் இருந்தது செயல்திட்டமும் நேர்முகத் தேர்வும்தான்.

*

அவள் எடுத்துக்கொண்ட செயல்திட்டம் பழுதுச் சீட்டு.

அதற்கு முன்னால் அந்தப் பள்ளியில் எது உடைந்தாலும் யாராவது யாரிடமாவது வாயால் சொல்வார்கள். சொன்னதோடு சரி. அவள் 201 முதல் எண் அச்சிட்ட சீட்டுப் புத்தகம் ஒன்று போட்டாள். மேல் பாதியில் பழுது என்ன என்று அவள் எழுதுவாள். கீழ்ப் பாதியில் ‘வேலை முடிந்தது’ என்று போட்டு, பராமரிப்பு ஆள் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து விழுந்த சீட்டைக் கிழித்து வரிசையாகக் கோப்பில் சேர்ப்பாள். வெள்ளிக்கிழமை மாலை, நிலுவை எத்தனை என்று சங்கத்துக்குக் கணக்கு போகும். பன்னிரண்டு வெள்ளிக்கிழமையும் நிலுவை பூஜ்யம் என்று காட்டினால் திட்டம் வெற்றி. ஒரு வெள்ளி தவறினாலும் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

பராமரிப்பு ஆளுக்கு ‘ஸ்பேனர்’ என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேனர் வைத்திருப்பான். நாற்பத்தைந்து வயது. தொட்டிக்குள் இறங்கியிருப்பான், கூரைமேல் ஏறியிருப்பான், கையெழுத்துக்குத் தேடினால் ஆள் அகப்படமாட்டான். அகப்பட்டாலும் கையெல்லாம் கிரீஸ்.

இரண்டாவது வாரமே அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

“அக்கா, ஒவ்வொரு சீட்டுக்கும் நான் மாடி இறங்கி வந்தா குழாயை எப்ப மாத்தறது? திங்கட்கிழமை காலைல கை சுத்தமா இருக்கும். இருபது சீட்டுல மொத்தமாப் போட்டுக் குடுத்துடறேன். நீங்க எழுதிக்கோங்க.”

“வெறும் சீட்டுலயா? நான் பாட்டுக்கு உன் சொத்தை எழுதி வாங்கிட்டா?”

“எழுதுங்க. ஒரு ஸ்பேனரும் ரெண்டு செருப்பும் இருக்கு. அதுல ஒரு செருப்பு அறுந்தது.”

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமை டீ குடித்துக்கொண்டே இருபது கையெழுத்து. அவன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். அவளும் ஒழுங்காகத்தான் எழுதினாள். பதினொரு வெள்ளிக்கிழமை, பதினொரு பூஜ்யம்.

பன்னிரண்டாவது வாரம், வியாழக்கிழமை மதியம் ஸ்பேனர் கதவைத் தட்டினான். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“ரெண்டாவது மாடி வராந்தா இருக்கில்ல அக்கா, அந்த இரும்புக் கைப்பிடி. நடுவுல ஒரு தூண்கிட்ட வெல்டிங் விட்டுப்போச்சு. கை வச்சா ஆடுது.”

“நீயே வச்சிட முடியாதா?”

“வெல்டிங் மெஷின் நம்மகிட்ட ஏது? வெளி ஆள்தான் வரணும்.”

வெளி ஆள் என்றால் மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். முதல்வர் கையெழுத்து, நிர்வாகக் குழுவின் கையெழுத்து. இரண்டு வாரத்துக்குக் குறையாது. நாளை வெள்ளி. கடைசி வெள்ளி. அதோடு நாளைக்கு சங்கத்திலிருந்து ஓர் அம்மாள் நேரில் பார்வையிட வருகிறார்.

“இப்போதைக்குக் கம்பி வச்சு இறுக்கிக் கட்டு.”

“கட்டறேன். அந்தப் பக்கம் குறுக்கால ஒரு கயிறும் கட்டிடட்டுமா? பசங்க சாயாம இருக்கும்.”

அவள் ஒரு கணம் யோசித்தாள். ஒரே ஒரு கணம்தான். பின்னாளில் அந்தக் கணத்தை எத்தனை முறை திரும்பிப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

“கயிறு வேண்டாம். அந்த அம்மா நாளைக்கு வராங்க. கயிறைப் பார்த்தா நிலுவைன்னு எழுதிடுவாங்க. திங்கட்கிழமை காலைல முதல் வேலையா வெல்டிங்குக்கு சீட்டு போட்டு, கயிறும் கட்டிடலாம். நடுவுல சனி, ஞாயிறு. நாளைக்கு ஒரு நாள்தானே.”

ஸ்பேனர் தலையைச் சொறிந்தான். “உங்க பட்டத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. பார்ட்டி வைக்கறேன்னு சொல்லியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்து, “கட்டிட்டேன். மேல பச்சை பெயிண்டும் அடிச்சாச்சு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் தெரியாது” என்றான்.

அவள் 411-ஆம் சீட்டில் எழுதினாள்: ‘இரண்டாம் மாடி கைப்பிடி தளர்வு. சரிசெய்யப்பட்டது.’ கீழே அவன் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. கிழித்துக் கோப்பில் சேர்த்தாள்.

மறந்துவிடக் கூடாதே என்று 412-ஆம் சீட்டையும் அப்போதே எழுதி வைத்தாள். ‘இரண்டாம் மாடி கைப்பிடி. வெல்டிங். வெளி ஆள் தேவை. அவசரம்.’ தேதி மட்டும் வரப்போகும் திங்கட்கிழமையின் தேதி. அதன் அடியிலும் ஸ்பேனரின் கையெழுத்து இருந்தது. அதைக் கிழித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஒரு குழாய்க்கு 413, ஒரு மின்விசிறிக்கு 414. சங்கத்து அம்மாள் வந்தார், நடந்தார், பார்த்தார், தலையசைத்தார். மாலையில் பன்னிரண்டாவது பூஜ்யம் போய்ச் சேர்ந்தது.

*

திங்கட்கிழமை முதல் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. அவள் அலுவலக அறைப் பூட்டில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தகரம் அதிர்கிற சத்தம். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் கூரை. அப்புறம் இன்னொரு சத்தம், அவ்வளவு பெரிதில்லை. அதற்கப்புறம் முழுப் பள்ளிக்கூடமும் கத்தியது.

ஏழாம் வகுப்புப் பெண். கீழே வந்துகொண்டிருந்த தோழியைக் கூப்பிடுவதற்காகக் கைப்பிடிமேல் சாய்ந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். கம்பிக்கட்டு பிரிந்துவிட்டது.

அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்தப் பெண்ணுக்கு நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. “சாவியம்மா, என் கால் எங்க இருக்கு?” என்று கேட்டாள். கால் இருந்த இடத்தில்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு அவள் திரும்பி வந்து, இன்னும் பூட்டில் தொங்கிக்கொண்டிருந்த சாவியைத் திருப்பி, உள்ளே போய், இழுப்பறையைத் திறந்து, 412-ஆம் சீட்டை எடுத்துத் தன் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. கை தானாகச் செய்தது.

முதுகெலும்பில் அடி. இனி நடப்பது கஷ்டம் என்று மறுநாளே மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

*

“உட்காருங்க” என்றார் முதல்வர். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் முன்னால் 411-ஆம் சீட்டு இருந்தது.

“போலீஸ்காரங்க வந்ததுமே நான் உங்க ஃபைலைத்தான் எடுத்து வச்சேன். ‘பாருங்க சார், வியாழக்கிழமையே பழுது பதிவாகியிருக்கு, அன்னிக்கே சரிபண்ணிட்டதா அந்த ஆள் கையெழுத்து போட்டிருக்கான்’னு சொன்னேன். அவங்க வாயே திறக்கலை. நேரா அவனைத்தான் தேடிப் போனாங்க. உங்க ரெக்கார்டு நம்ம ஸ்கூலையே காப்பாத்திடுச்சு.”



“சார், ஸ்பேனர் அப்படிப்பட்ட ஆளு இல்ல...”

“எப்படிப்பட்ட ஆளா இருந்தா என்ன? கம்பியைச் சுத்தி பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கான். அதை நீங்களா செய்யச் சொன்னீங்க?”

பெயிண்ட் அடிக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, “இல்ல சார்” என்றாள்.

“அவ்வளவுதான். உங்க இன்டர்வியூவை நல்லா பண்ணுங்க. நீங்க ஜெயிச்சா நம்ம ஸ்கூலுக்கும் பேரு. இந்த நேரத்துல நமக்கு அது ரொம்ப தேவை.”

ஸ்பேனரை இரண்டு நாள் லாக்கப்பில் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்து, வெள்ளிக்கிழமை நூலக அறையில் முதல் விசாரணை நடத்தினார். கவனக்குறைவு என்று அவர் அறிக்கை கொடுத்தால் வேலை போவது மட்டுமில்லை, சிறைக்கும் போக வேண்டிவரும்.

ஸ்பேனர் அதிகாரி முன்னால் நின்றான். சட்டைப் பை காலியாக இருந்தது.

“கையெழுத்து என்னுதுதான் சார். ஆனா அந்த சீட்டுக்குன்னு போடலை. திங்கட்கிழமையே மொத்தமா இருபது சீட்டுல போட்டுக் குடுத்துடுவேன் சார்.”

அதிகாரி சிரிக்கவில்லை. “எழுதாத சீட்டுல கையெழுத்தா? யாராவது நம்புவாங்களா இதை?”

“அக்காவைக் கேளுங்க சார். அக்கா, நீங்க சொல்லுங்க அக்கா.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். முதல்வர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சீட்டுல என்ன இருக்கோ அதுதான் சார் பதிவு” என்றாள் அவள்.

பொய் இல்லை. பரீட்சையின் மூன்றாம் தாளில் கிட்டத்தட்ட இதே வாக்கியத்தை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள்.

 அடுத்த விசாரணையை அதிகாரி வருகிற புதனைத் தாண்டி அதற்கடுத்த புதனுக்கு வைத்தார்.

*

கீழே விழுந்த பெண்ணின் அம்மா அடுத்த செவ்வாய்க்கிழமை காப்பீட்டுப் படிவத்துக்காக அலுவலகத்துக்கு வந்தாள். ஏதோ துணிக்கடையில் விற்பனைப் பெண். சீருடையோடு வந்திருந்தாள்.

சாவியம்மா நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஒன்பது பக்கப் படிவத்தையும் தானே நிரப்பினாள். ‘விபத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“அந்தக் கடன்காரன் பெயிண்ட் அடிச்சு மறைச்சானாமே, அதை எழுதுங்கம்மா” என்றாள் தாய்.

அவள், ‘கைப்பிடி உடைந்தது’ என்று மட்டும் எழுதினாள்.

“நாலு இடத்துக்கு அலைஞ்சேன்” என்றாள் அந்தத் தாய், கையெழுத்திட்டுக்கொண்டே. “நீங்க ஒருத்தர்தான் உட்கார வச்சுப் பேசறீங்க. என் பொண்ணும் கேட்டா. சாவியம்மா எப்ப வருவாங்கன்னு. காலைல பஸ்ஸை விட்டு இறங்கினா நீங்கதான் முதல்ல சிரிப்பீங்களாம்.”

சாவியம்மா தன் கைப்பையை மேசைமேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அன்று அவள் சாப்பிடவில்லை. கணவர் தட்டில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

“ஸ்பேனர் கடைக்கு வந்தான்” என்றார்.

“என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லலை. ஃபிரேமுக்கு ஆணி அடிக்கிற வேலை ஏதாவது கிடைக்குமான்னு கேட்டான். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு. நாலு திட்டு திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.” தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார். “விசாரணைல அவன் சொன்னது நிஜமா?”

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். சாப்பிடாத கையை.

கூடத்தில் வெள்ளை அட்டை போட்ட ஃபிரேம் தொங்கிக்கொண்டிருந்தது. 

*

சனிக்கிழமை நேர்முகத் தேர்வு. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் சங்கத் தலைவர், வலப்பக்கம் ஓய்வுபெற்ற நிர்வாகி ஒருவர், இடப்பக்கம் அன்று பள்ளிக்கு வந்த அதே அம்மாள். மூவருமே வேறு வேறு பள்ளிகளில் இவளைப் போலச் சாவி சுமந்தவர்கள்.

“துரதிர்ஷ்டமான சம்பவம்” என்று தலைவர் தொடங்கினார். “ஆனா ஒண்ணு சொல்லணும். பதிவேடு ஒழுங்கா இருந்தா ஒரு ஸ்தாபனம் எப்படித் தப்பிக்கும்கறதுக்கு உங்க ஃபைல் ஒரு பாடம். அடுத்த பேட்ச்சுக்கு இதை உதாரணமாக் காட்டலாம்னு இருக்கோம்.”

அவள் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் தடவிப் பார்த்தாள்.

சங்கத்து அம்மாள் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். எச்சில் தொடாமல் ஒவ்வொரு சீட்டாகத் தள்ளுகிற பழகிய விரல். ஓரிடத்தில் நின்றது.

“411 இருக்கு. 413 இருக்கு. 412 எங்க?”

“தப்பா எழுதிட்டேன் மேடம். கிழிச்சுட்டேன்.”

“தப்பா எழுதினா குறுக்கே கோடு போட்டு ஃபைல்லயே ஒட்டணும். உங்க திட்டத்துல நீங்களே எழுதின விதி இது.”

ஓய்வுபெற்றவர் கடகடவென்று சிரித்தார். “விடுங்கம்மா. ஒரு சீட்டுதானே? நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு புத்தகமே காணாமப் போச்சு. கரையான் தின்னுடுச்சுன்னு எழுதினேன். எங்க ஸ்கூல்ல கரையானே கிடையாது.”

தலைவரும் சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை. கோப்பை மூடிவிட்டு அவளை நேராகப் பார்த்தார்.

“அன்னிக்கு அந்த வராந்தால நானும் நடந்தேன். பெயிண்ட் வாசனை வந்துச்சு. எதுக்கு ஒரே ஒரு இடத்துல மட்டும் புதுசா பெயிண்ட்டுன்னு தோணுச்சு. கேக்கணும்னு நினைச்சேன், கேக்கலை. மணி ஆயிடுச்சு, இன்னும் ரெண்டு ஸ்கூல் போகணும்.” குரலைத் தாழ்த்தினார். “விசாரணைல உங்க ஆள் சொன்னதைக் கேள்விப்பட்டேன். எங்கிட்டயும் ஒரு ஆள் இருக்கான். அவன்கிட்டயும் வெறும் சீட்டுல கையெழுத்து வாங்கி வச்சிருந்தேன். போன வாரம் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டேன்.”

 தலைவர் தண்ணீர் குடித்தார்.

“நான் எதுவும் எழுதப்போறதில்ல” என்றார் அம்மாள். “எழுத எனக்கு யோக்கியதை இல்ல.”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார். “வாழ்த்துகள். அடுத்த சனிக்கிழமை விழா. மேடையில சான்றிதழ் குடுப்போம். குடும்பத்தோட வாங்க.”

கணவர் வெளியே மரத்தடியில் காத்திருந்தார். “என்னாச்சு?” என்றார்.

“பாஸ்” என்று சொன்னாள். சொல்லிவிட்டு, அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, ஜிப்பைத் திறந்து, மடித்த காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

“இதுக்கு நெருப்பு வச்சா தீர்ந்துச்சு” என்றார்.

“ஆமாங்க.”

“குடுத்தா?”

“வேலை போகும். கேஸ் என்மேல திரும்பும். இது போகும்.” அவள் தன் பின்னால் இருந்த கட்டடத்தைத் தலையால் காட்டினாள்.

அவர் காகிதத்தை மடிப்புக் குலையாமல் திருப்பிக் கொடுத்தார். “நான் ஃபிரேம் போடறவன். என்ன படம் போடணும்னு நான் சொல்லக்கூடாது” என்றார்.

*

புதன்கிழமை நூலக அறையில் நாற்காலி போடும் வேலையும் அவளுடையதுதான். ஏழு நாற்காலி போட்டாள்.

அதிகாரி முடிவை ஏறக்குறைய எழுதிக்கொண்டே வந்திருந்தார். முதல்வர் நிதானமாக இருந்தார். அந்தப் பெண்ணின் தாய் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்பேனர் நின்றுகொண்டிருந்தான். ஏழாவது நாற்காலி அவனுக்குத்தான் போட்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

“வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்றார் அதிகாரி, பேனாவை மூடியபடி.

அவள் எழுந்து 412-ஆம் சீட்டை அவர் முன்னால் வைத்தாள்.

“என்ன இது?”

“தேதியைப் பாருங்க சார். அந்தப் புள்ள விழுந்த திங்கட்கிழமை. இப்ப நம்பரைப் பாருங்க. 413-ம் 414-ம் அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எழுதினது. அப்போ இதை அதுக்கும் முன்னாடியே எழுதியாச்சு. வியாழக்கிழமை நான்தான் எழுதினேன். கைப்பிடி உடைஞ்சிருக்குன்னு இவன் வந்து சொன்ன உடனே.”

முதல்வர் பாதி எழுந்தார். “மேடம், கொஞ்சம் வெளில வாங்க...”

“கீழ பாருங்க சார். ‘வேலை முடிந்தது’ன்னு இவன் கையெழுத்து. வெல்டிங் பண்ணவே இல்ல. பண்ணாத வேலைக்கு முடிஞ்சதுன்னு கையெழுத்து எப்படி வந்துச்சு? இவன் சொன்னது நிஜம் சார். எல்லாத்துலயும் முன்னாடியே வாங்கி வச்சிருவேன். கயிறு கட்டறேன்னு சொன்னான். வேண்டாம்னு சொன்னது நான். வெள்ளிக்கிழமை கணக்குல ஒண்ணு விழுந்துடக் கூடாதுன்னு.”

அதிகாரி சீட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். அப்புறம் மூடிய பேனாவைத் திறந்தார்.

சுவரோரமிருந்து குரல் வந்தது. சத்தமே இல்லாத குரல்.

“அப்போ உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அந்த ஃபாரம் எழுதினப்பவும்?”

“அப்பவும் தெரியும்.”

தாய் அழவில்லை, சபிக்கவில்லை. தன் பையைத் திறந்து, தேடி, ஒரு பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். அன்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைமறதியாக எடுத்துப்போன அலுவலகப் பேனா.

விசாரணை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு படிக்கட்டருகே ஸ்பேனர் நின்றான். அவளுக்காகத்தான் நின்றான்.

“எத்தனை நாளா அக்கா அது உங்க பையில இருந்துச்சு?”

“பதினாறு நாள்.”

“லாக்கப்புல வச்சு என்னை அடிச்சாங்களே, அப்பவும்?”

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

“சரி” என்றான். வேறெதுவும் சொல்லாமல், கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கிப் போனான்.

*

எல்லாம் சீக்கிரம் நடந்தது. வழக்கு அவள்மேலும், பள்ளிக்குப் பொறுப்பானவர் என்பதால் முதல்வர்மேலும் திரும்பியது. வெறும் சீட்டில் கையெழுத்துப் போட்டதற்கும் பெயிண்ட் அடித்ததற்கும் ஸ்பேனரைப் பள்ளி திரும்பச் சேர்க்கவில்லை. ஆனால் சிறை இல்லை. சங்கத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. சனிக்கிழமை விழா அவள் இல்லாமல் நடந்தது. வீட்டுக் கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

“ஒரு கல்யாண போட்டோவுக்கு அளவு சரியா இருந்துச்சு. குடுத்துட்டேன்” என்றார் கணவர்.

சாவிக்கொத்தை ஒப்படைக்க அவள் கடைசியாகப் பள்ளிக்குப் போனது ஒரு விடுமுறை நாளில். நாற்பத்தொரு சாவி. ஒவ்வொன்றாக அட்டை கட்டி, எது எந்தப் பூட்டுக்கு என்று எழுதிக் காவலாளியிடம் கொடுத்தாள். அவர் எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

மேலே இரும்பு உரசும் சத்தம் கேட்டது. ஏறிப் போனாள். இரண்டாவது மாடி வராந்தாவில் வெல்டிங்காரர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று விலைப்புள்ளியும் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தன.

“எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டாள்.

“இதுக்கென்ன மேடம், முக்கால் மணி நேரம். டீ குடிச்ச நேரமும் சேர்த்து.” சட்டைப் பையிலிருந்து கசங்கிய காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். “வேலை முடிஞ்சதுன்னு ஸ்கூல் ஆளு யாராச்சும் கையெழுத்து போடணுமாம். நீங்க போடறீங்களா?”

அவள் காகிதத்தை வாங்கவில்லை. கைப்பிடி அருகே போய், இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் முழு எடையையும் போட்டு ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. இன்னொரு முறை ஆட்டினாள். பிறகு இன்னொரு முறை.

“மேடம், விடுங்க. அது இனி வராது” என்றார் வெல்டிங்காரர்.